குட்டைக் கனகாம்பரம்

அன்புச்செல்விக்கு நாற்பத்து மூன்று வயது. இத்தனை வருஷத்தில் ஒரு கனகாம்பரச் செடியைக்கூட அவள் நின்றுகொண்டு பார்த்ததில்லை. இரண்டு வயது நிறைவதற்குள் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு கால்களையும் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அதன்பிறகு கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்வதுதான் அவளுடைய நடை. லாரி டியூபை வெட்டித் தொடைக்கு அடியில் கட்டிக்கொள்வாள். வெளியே போக அரசாங்கம் கொடுத்த மூன்று சக்கர வண்டி இருந்தது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலுக்குப் பின்னால், புது மனைக் கற்கள் முடிந்து ஏரிக்கால்வாய் தொடங்குகிற இடத்தில், முப்பது சென்ட் நிலமும் ஓர் ஓட்டுவீடும் அவளுக்கும் தம்பி மாறனுக்கும் பொது. மாறன் டவுனில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். நிலத்தை அக்காவிடமே விட்டுவிட்டான்.

நிலம் முழுக்கக் கனகாம்பரம். விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறும்வரை பறித்தாலும் கூடையின் அடி மறைந்தால் பெரிய விஷயம். அவ்வளவு லேசான பூ. கூலிக்கு வரும் பெண்கள் குனிந்து பறித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார்கள். அன்புச்செல்வி அண்ணாந்து பறிப்பாள். இடுப்பளவு வளர்ந்த செடியின் உச்சிக் கதிர்கள் அவளுக்கு எட்டாது. கிளையை வளைத்தால் பாதி நேரம் ஒடிந்துவிடும். ஒடிந்த கிளை பூக்காது. தன் செடியைத் தானே ஒடிக்கிற கோபத்தில் பலநாள் யாரோடும் பேசாமல் பறிப்பாள்.

நாற்றங்காலில் ஒருமுறை ஒரு செடி சாண் உயரத்துக்கு மேல் வளராமல் நின்றுவிட்டது. நோஞ்சான் என்று பிடுங்கப்போனவள், கணுக்கள் நெருக்க நெருக்கமாக இருப்பதைப் பார்த்துக் கையை எடுத்தாள். தொட்டியில் வைத்தாள். அது முழ உயரத்தில் பந்துபோல அடர்ந்து, பக்கத்துக்குப் பக்கம் பூத்தது. உட்கார்ந்தபடியே ஒரு கிளையையும் வளைக்காமல் அதைச் சுற்றிப் பறித்து முடித்த அன்று, பூவைத் தராசில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் வாடல் நோய் வந்தது.

முதலில் மேற்கு ஓரத்தில் நான்கு செடிகளின் இலைகள் வெளிறிச் சிவந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துப் பாய்ச்சினாள். ஒரே வாரத்தில் பாத்தி தலை தொங்கியது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வேகவைத்த வேர்க்கடலையின் தோலைப் போல, வேரின் தோல் முழுசாகக் கையோடு உரிந்து வந்தது, உள்ளே கறுப்பு. மருந்து ஊற்றினாள். வேப்பம் புண்ணாக்கு போட்டாள். பொங்கலுக்குள் முப்பது சென்ட்டும் சருகாகி நின்றது. அவளுக்குத் தெரிந்த ஊர்களிலெல்லாம் இதே கதை. பலபேர் கனகாம்பரத்தையே விட்டுவிட்டுச் சாமந்திக்குப் போனார்கள்.

தொட்டியில் இருந்ததால் குட்டைச் செடி தப்பியது. அதன் கிளை ஒன்றை வேர்விட வைத்து நிலத்தில் நட்டுப் பார்த்தாள். இருபதாவது நாள் அதுவும் தொங்கியது.

"விட்டுடுக்கா," என்றான் மாறன். "கேழ்வரகு போடலாம். இல்லன்னா கீரை."

"கேழ்வரக எவ தலையில வெப்பா?" என்றாள் அவள்.

பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் புத்தகத்தை அவள் இன்னும் வைத்திருந்தாள். நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்த பாடம் அதில் இருந்தது. கலந்தால் முதல் தலைமுறை எல்லாம் நெட்டை. அதன் பிள்ளைகளில் நாலுக்கு ஒன்று குட்டை. பரீட்சைக்குப் படித்தபோது மனப்பாடம் செய்த அந்தக் கட்டத்தை இப்போது விரலால் தடவித் தடவிப் படித்தாள். குட்டை கையில் இருக்கிறது. வாடாதது ஒன்று வேண்டும்.

மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு, அதாவது கையால் சுற்றிக்கொண்டு, நாலு மாதம் தேடினாள். கடைசியில் செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜின் பின்பக்கம், குளியலறைத் தண்ணீர் ஓடும் கால்வாய் ஓரத்தில் அது நின்றது. ஆள் உயரம். வெளிறிய நிறத்தில் பொடிப் பூ. எவரும் விலைக்கு வாங்கமாட்டார்கள். லாட்ஜைப் பெருக்குகிற பெண், "நான் வேலைக்கு வந்து பன்னெண்டு வருசமாவுது. அப்பத்துலருந்து இது இப்படியேதான் நிக்குது," என்றாள். அன்புச்செல்வி இரண்டு கிளை கேட்டு வாங்கி, வாடல் மண்ணிலேயே நட்டாள். ஆறு மாதமாகியும் வாடவில்லை.

கனகாம்பரத்தைக் கலப்பது கண்ணுக்கும் விரலுக்கும் வேலை. மறுநாள் மலரப்போகும் மொட்டின் இதழை முந்தின மாலையே குழாயோடு மெல்ல உருவ வேண்டும். மகரந்தப் பைகள் இதழோடு ஒட்டியிருப்பதால் அவையும் கூடவே வந்துவிடும். முடி மாதிரி ஒரு தண்டு மட்டும் நடுவில் நிற்கும். காலையில் நெட்டையின் மகரந்தத்தை அதன் நுனியில் தொட்டு வைத்து, நூல் கட்டி அடையாளம் போட வேண்டும். காய் முற்றியபின் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் போதும், பட்டென்று வெடித்து விதை எங்கேயோ தெறித்துவிடும். ஒவ்வொரு கதிருக்கும் மல்துணியில் பை தைத்து மாட்டினாள். முதல் வருஷம் நாற்பது மொட்டில் கை வைத்துப் பதினோரு விதை கிடைத்தது.

பதினொன்றும் நெட்டையாகவே வளர்ந்தன. அப்படித்தான் ஆகும் என்று புத்தகத்தில் படித்திருந்தும், அவை ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே போனதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு வருஷம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது, வேண்டாத ஒன்றை.

அவற்றின் விதையிலிருந்து இருநூற்று நாற்பது நாற்று. அதில் ஐம்பத்தெட்டு குட்டை. ஐம்பத்தெட்டையும் வாடல் மண்ணில் நட்டாள்.

மாறன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "தெரிஞ்சே சாவுற எடத்துல கொண்டாந்து வெக்கிற. உனக்கு இன்னா ஆச்சு?"

"இதுல சாவாததுதான்டா எனக்கு வேணும்."

"எல்லாமே செத்துச்சின்னா?"

அவள் மண்ணை அணைத்துக்கொண்டே போனாள். ஐம்பத்தொன்று செத்தன. ஒவ்வொரு காலையும் நகர்ந்து நகர்ந்து போய், எது தலை தொங்கியது என்று பார்ப்பதே வேலையாக இருந்தது. மிஞ்சிய ஏழும் தகப்பனான லாட்ஜ் செடியைப்போல வெளிறிப் பூத்தன. பூக்கடைக்காரர் காசி ஒரு சரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா தாயி, வெயில்ல காஞ்ச பூவா?" என்று கேட்டார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துவிட்டார்.

மறுபடி நல்ல நிறமுள்ள நெட்டை ஒன்றோடு கலந்தாள். மறுபடி நெட்டை. மறுபடி வடிகட்டல், மறுபடி சாவு. இந்தச் சமயத்தில்தான் தேவிப்ரியா அறிமுகமானாள். பூப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை பார்க்கும் முப்பது வயதுப் பெண். விவசாயிகள் கூட்டம் ஒன்றில் அன்புச்செல்வி நீட்டிய கலப்புக் குறிப்பு நோட்டைப் புரட்டியவள், நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தனையும் நீங்களே பண்ணதா அக்கா?" என்றாள். அன்றிலிருந்து போனில் பேச்சு.

ஒன்பதாவது வருஷம் அது வந்தது. முழ உயரம். அடர் ஆரஞ்சு. வாடல் மண்ணில் பச்சையாக நின்றது. அதன் விதையில் வந்தவையும் அப்படியே. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்து, பத்தொன்பது செடிகளை ஒரே வரிசையில் நிறுத்தினாள். ஒன்பதைத் தனியாகத் தொட்டியில் வைத்தாள். விதையைத் தாளில் மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தாள். "இன்னும் ரெண்டு எடத்துல நட்டுப் பாத்துட்டா, புது ரகம்னு பதிவுக்கு எழுதிடலாம் அக்கா," என்றாள் தேவிப்ரியா. அது ஐப்பசி மாதம்.

அந்த டிசம்பர் மழையைத் திருவண்ணாமலையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு நாள் விடாமல் கொட்டியபின், ஒரு காலை ஒன்பது மணிக்கு ஏரிக்கால்வாய் கரை புரண்டது. அன்புச்செல்வி அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வாசல்படியைத் தாண்டி வந்த செந்தண்ணீர் அவள் மடியை நனைத்த பிறகே அவளுக்கு விளங்கியது. மாறன் தன் மனைவியையும் மகளையும் எதிரே பாதி கட்டி நின்ற மாடிவீட்டில் விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் திரும்பி வந்தான்.

"கழுத்தப் பிடிச்சிக்க."

"தொட்டிய எடு," என்றாள் அவள். "மாறா, தொட்டிய எடுறா. அந்த டப்பா, அலமாரியில பாரு."

"கழுத்தப் பிடிக்கா!"

"என்ன விட்டுட்டு அத்த எடுடா! ஒன்னே ஒன்னு எடு, ஒரே ஒரு தொட்டி!"

மாறன் அக்காவை வாரித் தோளில் போட்டுக்கொண்டான். போகும்போது அவள் அவன் முதுகில் குத்தினாள், தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து, வேலிப்பக்கம் மிதந்து போவதை அவன் தோளிலிருந்தே பார்த்தாள். அவளை மாடிப்படியில் இறக்கிவிட்டு அவன் திரும்பினான். வீட்டின் பின்சுவர் அப்போதுதான் விழுந்தது. அதற்குமேல் யாரும் அவனைப் போக விடவில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. டப்பா சகதியில் கிடைத்தது, மூடி இல்லாமல். தாளுக்குள் விதைகள் ஊறி, வழவழவென்று ஒரே கூழாகியிருந்தன. விரலில் எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் விரலிடுக்கில் வழிந்தது. வரிசைச் செடிகள் பத்தொன்பதில் பதினான்கு வண்டலுக்கு அடியில் படுத்திருந்தன, இலையெல்லாம் கறுத்து. மற்ற ஐந்தைத் தண்ணீர் அடித்துப் போயிருந்தது. சகதியில் கையை ஊன்றினால் முழங்கை வரை புதைந்தது. அப்படியே வயிற்றால் ஊர்ந்து போய், ஒவ்வொரு செடியிலும் உயிர் இருக்கிற கிளையைக் கீறிக் கீறித் தேடி வெட்டினாள். அறுபத்து மூன்று குச்சி தேறின.

பாதி கட்டிய வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் தங்க இடம் கொடுத்திருந்தார். அங்கேயே மணல் தட்டில் குச்சிகளை ஊன்றி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினாள். தேவிப்ரியாவுக்குப் போன் செய்தாள்.

"முழுகின செடியில எடுத்த குச்சி, அக்கா," என்றாள் தேவிப்ரியா. சொல்லத் தயங்கினாள். "உண்மையச் சொல்லணும்னா நம்பிக்கை கம்மிதாங்க."

"கம்மின்னா எவ்ளோ?"



காலையில் பிளாஸ்டிக்கைத் தூக்கி எண்ணுவாள். ஐம்பது. நாற்பத்து நான்கு. முப்பது. கறுத்த குச்சியை உடனே பிடுங்கி எறியாவிட்டால் பக்கத்ததையும் கெடுக்கும். ஒருவேளை இது பிழைக்குமோ என்று இரண்டு நாள் விட்டு, அதனால் இன்னும் மூன்றைப் பறிகொடுத்தாள். சாப்பிடச் சொன்னால் தட்டை நகர்த்துவாள். மாறனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் அவன் நேரே வந்து அவள் முன்னால் குந்தினான். "நான் இன்னா பண்ணியிருக்கணும்? நீயே சொல்லு."

அவள் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போயிட்டிருந்தா இதுக்கு யாருக்கா தண்ணி ஊத்துறது?" என்று கேட்டுவிட்டு அவன் எழுந்து ஆட்டோவுக்குப் போய்விட்டான். அவன் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மன்னிக்க முடியவில்லை.

தை முடியும்போது நான்கு குச்சிகள் வேர்விட்டிருந்தன. உலகத்தில் அந்தக் குட்டைக் கனகாம்பரம் அந்த நான்கில் மட்டும்தான் இருந்தது.

நான்கையும் நான்கு தொட்டியில், கண் எட்டும் தூரத்தில் வைத்தாள். பங்குனியில் மூன்றாவது தொட்டியின் கொழுந்து வெளிறியது. மூன்று நாளில் இலை முழுக்க மஞ்சள். அன்புச்செல்வி அந்த மஞ்சளைப் பார்த்த மாத்திரத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய மேற்கு ஓரத்துக்கே போய்விட்டாள். வாடலாக இருந்தால், மிஞ்சிய மூன்றும் வாடும். அப்படியானால் அவள் செய்தது எதுவும் எதிர்த்து நிற்கவில்லை. இத்தனை நாள் ஏதோ அதிர்ஷ்டத்தில் நின்றிருக்கிறது.

தேவிப்ரியா பஸ் பிடித்து வந்தாள். தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இலைய வெச்சிச் சொல்ல முடியலைங்க. சத்துக் குறைச்சலாவும் இருக்கலாம். நோயாவும் இருக்கலாம்."

"எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

"வேரப் பாக்கணும். அடித்தண்டையும் பொளந்து பாக்கணும்." தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "காத்திருந்தும் பாக்கலாம் அக்கா. ஆனா நோயா இருந்தா, தண்ணி ஊத்துற கையாலயே மத்ததுக்கும் போயிடும்," என்றாள்.

அன்புச்செல்வி அரைமணி நேரம் அந்தத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு வேறு யாரையும் தொடவிடாமல் தானே பிடுங்கினாள். குடத்துத் தண்ணீரில் வேரைக் கழுவினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. தோல் உரியவில்லை. நம்பாமல் கத்தியால் அடித்தண்டை நீளவாக்கில் பிளந்தாள். உள்ளேயும் சுத்தமான வெள்ளை.

"நோய் இல்லைங்க," என்றாள் தேவிப்ரியா. மகிழ்வதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. "இரும்புச்சத்துதான் கம்மி. ஒரு கரைசல் தெளிச்சிருந்தாப் போதும்."

மாறன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது அக்கா பிளந்த செடியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக உட்கார்ந்திருந்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அவனைப் பார்த்து வாய் திறந்தாள்.

"வேர் வெள்ளையா இருக்குதுடா மாறா. நல்லா இருந்த செடியப் பிடுங்கிக் கொன்னுட்டேன்."

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் செடியை வாங்கிப் பார்த்தான். "ஒட்டாதா?" என்று கேட்டான். ஒட்டாது என்று அவள் தலையசைத்தாள். செடியிலிருந்து ஆறு குச்சி வெட்டி ஊன்றினார்கள். சித்திரை வெயிலில் ஒன்றும் பிடிக்கவில்லை.

மூன்று செடி மிஞ்சியது. மூன்றிலிருந்து கிளை கிளையாக வெட்டி, ஆடிக்குள் நாற்பத்தைந்து ஆக்கினாள். வீட்டுக்குப் பின்சுவர் எழும்பியிருந்தது. நிலத்தில் வண்டல் இன்னும் அப்படியேதான். ஓரிடத்து மண்ணில் பிழைப்பது போதாது, வேறு ஊர் வாடல் மண்ணிலும் நிற்க வேண்டும் என்று தேவிப்ரியா சொல்லிக்கொண்டிருந்தாள். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஆராயி என்ற பெண்ணின் நிலத்தில் இரண்டுமுறை கனகாம்பரம் வாடிப்போயிருந்தது. அறுபது வயது ஆராயி, "என் மண்ணுல ஏதும் நிக்காதும்மா. வேணும்னா வெச்சிப் பாரு," என்றார். நாற்பத்தைந்தில் இருபதைப் பிரித்துக் கொடுப்பதற்கு அன்புச்செல்விக்கு ஒரு வாரம் ஆனது.

மூன்று மாதம் கழித்து ஆராயி போன் செய்தார். "ஒன்னொன்னாப் போவுதும்மா. நேத்தோட ஒம்போது."

மாறன் அன்றைக்குச் சவாரி எடுக்கவில்லை. அக்காவை ஏற்றிக்கொண்டு நேரே கீழ்பென்னாத்தூருக்குப் போனான். வழியெல்லாம் அவள் விரலை மடக்கிப் பிரித்துக்கொண்டே வந்தாள். நிலத்தில் இறங்கி, கையை ஊன்றி நகர்ந்து வரிசைக்குப் போனாள். பதினொன்று நின்றன. முழ உயரத்தில், தலையெல்லாம் ஆரஞ்சாக. ஆராயி அவற்றின் பக்கத்தில் குந்திப் பறித்துக் காட்டினார்.

"இடுப்பு நோவல, பாரு. நின்ன செடி போதும்மா. இதுலருந்தே எனக்கு இன்னும் போட்டுக் குடு. சாவுறது சாவட்டும்."

அன்புச்செல்வி நின்றவற்றைப் பார்க்கவில்லை. இடையிடையே இருந்த ஒன்பது வெற்றிடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே தாயின் வழி வந்தவை. ஒன்று பிழைத்தால் எல்லாம் பிழைக்க வேண்டும்.

"செத்தத இன்னா பண்ணீங்க பெரிம்மா?"

"பிடுங்கி வரப்புல போட்டுகினு வரேன். கொளுத்தலாம்னு."

அவள் வரப்புக்கு நகர்ந்து ஒன்பதையும் பொறுக்கினாள். வாடல் என்றால் தோல் உரிய வேண்டும். முதல் செடியில் நகத்தால் கீறினாள், உரியவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதன் வேரை மண்ணை உதிர்த்து வெயிலுக்குக் காட்டினாள். பொடிக் கடுகைக் கோத்தாற்போல வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்தது.

"இது வேற," என்றாள் மெதுவாக. "புழு. வேர்ல முடிச்சு போடுற நூற்புழு. நம்ம மண்ணுல இது இல்ல. அதான் எனக்குத் தெரியவே இல்ல."

"அப்டின்னா?" என்றான் மாறன்.

"வாடலுக்கு நிக்குது. புழுவுக்கு நிக்காது. நிக்கிற பதினொன்னும் புழு இன்னும் வராத எடத்துல இருக்குது. புழுவுக்கு நிக்கிற ஒன்னத் தேடி, அதோட சேக்கணும். மறுபடி நெட்டை வரும். அப்புறம் குட்டை." வேரை இறுக்கிப் பிடித்திருந்த கையில் மண் உதிர்ந்துகொண்டேயிருந்தது.

"எத்தினி வருசம் ஆவும்?"

"அஞ்சு. ஆறும் ஆவும்."

ஆராயி பக்கத்துக் கொட்டகைக்குள் போய் ஒரு காலிச் சாக்கை எடுத்துவந்து கொடுத்தார். அன்புச்செல்வி ஒன்பது செடிகளையும் வேர் ஒடியாமல் அதில் அடுக்கினாள். மாறன் ஆட்டோவைக் கிளப்பினான். பஸ் ஸ்டாண்டு அருகே ஏதாவது சாப்பிடலாமா என்று அவன் கேட்டது அவள் காதில் விழவில்லை. சாக்கின் வாயைப் பிரித்து, மடியில் ஒரு செடியைப் போட்டு, முடிச்சுகளை எண்ணத் தொடங்கியிருந்தாள்.